நைஸ்னா: காட்டிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டிய துறைமுக ஊர்

தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் (இன்று க்கெபெர்ஹா) நகரில் மலபார் என்ற பெயருள்ள குடியிருப்பில் வாழும் நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு நைஸ்னாவுக்குப் போவதென்றால் பெரும்பாலும் ஒரே வழக்கம்தான். என்-2 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 260 கிலோமீட்டர் ஓட்டிச் சென்று, நீர்முகப்புக் கடைவீதியில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, படகில் ஒரு சுற்றுச் சுற்றி, பாறைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஊர் எப்படி என்று கேட்டால், அழகாக இருக்கிறது, விலைதான் கடுமை என்பார்கள். இரண்டும் உண்மைதான் என்றாலும், அந்த வழக்கப்படி பார்ப்பவர்களுக்கு நைஸ்னாவின் முகப்பு மட்டுமே கிடைக்கிறது. அந்த முகப்புக்கு அவர்கள் கொடுக்கும் பணம் அதிகம் என்பது என் கருத்து. இந்த ஊரைக் காட்டிலிருந்து தொடங்கிக் கடலில் முடிக்க வேண்டும். அந்த வரிசையில் பார்ப்பவருக்கு, தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் இதைவிட நிறைவு தரும் பயணம் அரிது என்று துணிந்து சொல்வேன்.

இன்று மூன்று மணி நேரத்தில் சென்று சேரும் இவ்வூர் ஒரு காலத்தில் எவ்வளவு ஒதுங்கிக் கிடந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வடக்கே ஔட்டெனிக்வா மலைத்தொடர், கிழக்கிலும் மேற்கிலும் ஆறுகள் ஆழமாக அறுத்த பள்ளத்தாக்குகள், அவற்றை மூடிய அடர்காடு, தெற்கே குறுகிய வாயுள்ள ஒரு கழிமுகம் என்று நாற்புறமும் அடைபட்ட ஊர் இது. மலையைக் கடக்க தாமஸ் பெய்ன், கைதிகளின் உழைப்பைக் கொண்டு அமைத்த பிரின்ஸ் ஆல்ஃபிரட் கணவாய்ச் சாலை 1860-களின் பிற்பகுதியில்தான் திறக்கப்பட்டது. ஜார்ஜ் நகரிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது 1928-இல். நாம் இன்று கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் ஸ்டார்ம்ஸ் ஆற்றுப் பாலமோ 1956-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆகவே நூறாண்டுக்கும் மேலாக இவ்வூருக்குக் கடலே பெருவழி. அந்தக் கடலின் வழியே வெளியே போன சரக்கு மரம். காடு துறைமுகத்தை உண்டாக்கியது, துறைமுகம் காட்டைத் தின்றது என்ற இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டால் ஊரில் உள்ள அனைத்தும் பொருள்படத் தொடங்கும்.

அதனால் முதல் காலைப் பொழுதை டீப்வாலேக்குக் கொடுங்கள். ஊரிலிருந்து யூனியன்டேல் நோக்கிச் செல்லும் ஆர்-339 சாலையில், தார் முடிந்து சரளை தொடங்கிய பின், தேசியப் பூங்கா நிறுவனத்தின் வன நிலையம் வரும். 2009-இல் அமைக்கப்பட்ட கார்டன் ரூட் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி இது. இங்கிருந்து மூன்று சுற்றுப்பாதைகள் காட்டுக்குள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஏழு முதல் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும் என்பதால், முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உடன் வந்தால் முழுச் சுற்றை எண்ண வேண்டாம். அருகில் நிற்கும் ஏழாம் எட்வர்ட் அரசர் பெயர் கொண்ட யெல்லோவுட் மரத்தைப் பார்த்தாலே போதும். ஏறத்தாழ 40 மீட்டர் உயரமும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதும் கொண்டதாகக் கணிக்கப்படும் அந்த மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கிளைகளில் தாடியாகத் தொங்கும் பாசியைத் தாண்டி உச்சி தெரிவதில்லை. நாங்கள் சென்ற நேரத்தில் லேசான தூறல் இருந்தது. இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் மழை உண்டாகையால் மழைக்குப் பயந்து பயணத்தைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. நைஸ்னா தூராக்கோ என்னும் பச்சைப் பறவை, பறக்கும்போது மட்டும் இறகின் அடிப்புறச் சிவப்பைக் காட்டிவிட்டு மறுபடி இலைகளுக்குள் மறைந்துவிடும். அதைப் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகளின் கூச்சலைச் சற்று அடக்கியாக வேண்டும்.

வன நிலையத்தில் ஒரு யானையின் முழு எலும்புக்கூடு வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் காட்டில் யானை இருக்கிறது என்று ஊரெங்கும் பலகைகளும் பொம்மைகளும் சொல்கின்றன. நிலைமை வேறு. 1994-இல் க்ரூகர் பூங்காவிலிருந்து மூன்று இளம் யானைகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். ஒன்று இறந்தது. மற்ற இரண்டும் காட்டில் ஒட்டாமல் வெளியேறியதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. பின்னர் 2016, 2017 ஆண்டுகளில் காடு முழுவதும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி நடத்திய ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானபோது, எஞ்சியிருப்பது ஒரேயொரு பெண் யானை என்று தெரியவந்தது. கூட்டமாக வாழப் பிறந்த விலங்கு தனியாகத் திரிகிறது. தந்தத்துக்காகச் சுட்டது ஒரு பங்கு, காட்டை வெட்டியது ஒரு பங்கு. யானையைக் காட்டுகிறேன் என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மரம் வெட்டியவர்களின் கதையைக் காட்டுக்குள்ளேயே படித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஊருக்குள் வந்தால் மரம் விற்றவர்களின் கதைதான் உரக்கக் கேட்கும். இந்தக் காட்டின் மரவெட்டிகள் ஆப்பிரிக்கான்ஸ் பேசிய ஏழை வெள்ளையர்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். வெட்டிய மரத்தைக் குழியின் மேல் கிடத்தி, ஒருவன் மேலேயும் ஒருவன் குழிக்குள்ளேயும் நின்று இழுத்து அறுத்து, மாட்டு வண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தால், வணிகர் பெரும்பாலும் மாவும் காபியும் சர்க்கரையுமாகக் கணக்குத் தீர்ப்பார். கணக்கு தீராது, கடன் நிற்கும். நேட்டாலின் கரும்புத் தோட்டத்துக் கடைக் கணக்குகளைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய கதையன்று. இறுதியில் 1939-இல் அரசு அவர்களின் வெட்டும் உரிமையை முடித்து, ஆண்டுக்கு 25 பவுண்டு உதவித்தொகை கொடுத்து வெளியேற்றியது. காடு பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1881-இல் பட்டு நூற்பதற்கென்று இத்தாலியிலிருந்து அழைத்துவரப்பட்டு, கவுனா காட்டில் கூடாரமடித்து விடப்பட்ட குடும்பங்களின் கதை இன்னும் பரிதாபமானது. பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டை மரமே அங்கில்லை.

மில்வுட் என்னும் தங்க ஊருக்கு அரைநாளாவது ஒதுக்க வேண்டும். ரீனென்டால் வழியாகச் சரளைச் சாலையில் கூட்ஃபெல்ட் காட்டுக்குள் போக வேண்டும். 1876-இல் ஜேம்ஸ் ஹூப்பர் என்பவர் கரதாரா ஆற்றில் தங்கக் கட்டி ஒன்றைக் கண்டெடுத்ததில் தொடங்கி, 1887-இல் இது தங்க வயலாக அறிவிக்கப்பட்டது. விடுதிகள், கடைகள், செய்தித்தாள்கள் என்று ஓர் ஊரே எழுந்தது. ஆனால் கிடைத்த தங்கம் கொஞ்சம், தோண்டிய செலவு அதிகம். அதே வேளையில், 1886-இல் கண்டுபிடிக்கப்பட்ட விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கம் எல்லோரையும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் இழுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் ஊர் கலைந்தது. இப்போது அங்கே நிற்பவை தெருக்களின் தடம், ஒரு கல்லறைத் தோட்டம், பெண்டிகோ சுரங்கத்தில் செப்பனிட்டு வைத்திருக்கும் நீராவிக் கொதிகலனும் கல் இடிக்கும் எந்திரமும், மலைச்சரிவில் வாய்பிளந்த சுரங்க வழிகள் சில. பெரிதாக எதுவுமில்லை என்று உடன் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கோ இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். காட்டின் ஈரம் இரும்பைத் தின்றுகொண்டிருப்பதை இவ்வளவு கிட்டத்தில் நின்று வேறெங்கும் பார்த்ததில்லை. பிள்ளைகளை அமைதிப்படுத்த ஜூபிலி ஓடைக் கரையில் உண்பதற்கு மேசைகள் உண்டு. குளிக்கவும் செய்யலாம். தண்ணீர் தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தாவரச் சாறு ஊறிய நிறம் அது, அழுக்கன்று.

இதன் பிறகு ஊருக்குள் வாருங்கள். குயீன் தெருவில் உள்ள மில்வுட் இல்லம், அந்தத் தங்க ஊரிலிருந்து பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி பொருத்திய யெல்லோவுட் வீடு. காட்டையும் சுரங்கத்தையும் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்தச் சிறு அருங்காட்சியகம் பேசும். நேராகக் கடைவீதியிலிருந்து நுழைபவருக்கு இது பழைய மேசை நாற்காலி வைத்த வீடாக மட்டும் தெரியக்கூடும். 1859-இல் கட்டிய பழைய சிறைச்சாலையும் அருகில்தான் இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

ஊர் போற்றும் முன்னோடிகளில் முதல்வர் ஜார்ஜ் ரெக்ஸ். 1804-இல் மெல்க்ஹவுட்க்ரால் பண்ணையை வாங்கிக் குடியேறி, கழிமுகத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதியைத் தன்னதாக்கி, 1839-இல் இறந்தவர். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மறைமுக மகன் என்று இவரைப் பற்றி நெடுங்காலம் ஒரு பேச்சு இருந்தது. ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தோண்டி, லண்டனில் மதுவடிப்புத் தொழில் செய்த ஒருவரின் மகன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனாலும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அரச இரத்தத்தை விட மனமில்லை. அதைக் காட்டிலும் நாம் கவனிக்க வேண்டியது, ரெக்ஸின் பண்ணை அடிமைகளின் உழைப்பில் நடந்தது என்பதே. கேப் பகுதிக்கு டச்சுக்காரர்கள் கொண்டுவந்த அடிமைகளில் ஒரு பகுதியினர் வங்கத்திலிருந்தும், இந்தியாவின் மலபார், சோழமண்டலக் கரைகளிலிருந்தும் பிடித்து விற்கப்பட்டவர்கள். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களை டர்பனில் இறக்கிய ட்ரூரோ கப்பலில் நம் வரலாற்றைத் தொடங்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்கும் முன்பே நம் கரையின் மக்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க இவ்வூர் ஒரு வாய்ப்பு.

அடுத்த பெயர் தெசன். நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரில் வணிகம் நொடித்த ஒரு குடும்பம், 1869-இல் தன் சொந்தக் கப்பலான அல்பட்ரோஸில் நியூசிலாந்துக்குப் புறப்பட்டு, கேப் டவுனைத் தாண்டியதும் புயலில் அடிபட்டுத் திரும்பி, செப்பனிடும் செலவுக்காகக் கரையோரச் சரக்கு ஏற்றி நைஸ்னாவுக்கு வந்து, ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டது. பிறகு மரவணிகம், கப்பல், அறுவை ஆலை என்று ஊரே அவர்கள் கையில். இரண்டாம் உலகப் போரில் ஃபேர்மைல் ரோந்துப் படகுகளைக் கட்டியதும் அவர்களின் பட்டறைதான். ரசிக்கத்தக்க கதை, மறுக்கவில்லை. ஆனால் பிடித்த இடத்தில் இறங்கி நிலம் வாங்க அவர்களால் முடிந்தது. ட்ரூரோவில் வந்தவர்களுக்கு எஜமானர் யார், தோட்டம் எது என்பது கரையில் நின்று பிறர் முடிவு செய்த சங்கதி. ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே நாட்டின் கரைக்கு வந்த இருவகைக் கப்பல்கள் இவை. முன்னோடி என்ற பட்டம் ஒரு வகைக்கு மட்டுமே கிடைத்தது.

இந்த நினைப்புடன் ஹார்ன்லீ பகுதி வழியாக ஒருமுறை வண்டியில் போய் வந்தேன். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ், நீரருகே இருந்த கலப்பின மக்களை அகற்றிக் குடியமர்த்திய மேட்டுநிலம் அது. அதே சட்டத்தால் போர்ட் எலிசபெத்தின் சவுத் எண்ட் பகுதியிலிருந்து மலபார் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் கழிமுகம் முழுவதும் தெரிகிறது. ஊரிலேயே நல்ல காட்சி என்று சொல்லலாம், சுற்றுலா வரைபடம் அங்கே யாரையும் அனுப்புவதில்லை.

இனிக் கடல். கழிமுகத்தின் வாயில் இரு மணற்கல் மேடுகள் எதிரெதிரே நிற்க, நடுவே குறுகிய வழியில் பெருங்கடல் உள்ளே பாய்கிறது. இங்கு எல்லோரும் ஹெட்ஸ் என்பார்கள். 1817-இல் முதலில் நுழைய முயன்ற எமு என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கலம் பாறையில் மோதிக் கரையேறியது. அதை மீட்க வந்த போடார்கஸ் பழுதின்றி வந்து சென்றதால்தான் துறைமுகம் சாத்தியம் என்று நம்பினார்கள். 1903-இல் ஜெர்மானியப் பாய்க்கப்பல் பக்கீட்டா கிழக்கு மேட்டின் காலடியில் உடைந்தது. பென் குடும்பத்தார் தலைமுறைகளாக வழிகாட்டி மாலுமிகளாக நின்று கப்பல்களை உள்ளே கொண்டுவந்தார்கள். ரயில் சரக்கைப் பறித்த பின் கப்பல் வரவு குறைந்து, 1954-இல் இது துறைமுகம் என்ற தகுதியையே இழந்தது. கிழக்கு மேட்டின் உச்சிக்குக் காரிலேயே போய்விடலாம். கட்டணமில்லை. கடல் வற்றும் நேரத்தில், நீர் வெளியே இழுபடும்போது போய் நில்லுங்கள். உள்ளே வரும் அலையும் வெளியே போகும் நீரும் அந்தக் குறுகிய வாயில் முட்டிக்கொள்வதைக் கண்டால், மாலுமிகள் ஏன் அஞ்சினார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

மேற்கு மேட்டில் உள்ள ஃபெதர்பெட் காப்பகத்துக்குப் படகில்தான் போக முடியும். படகு, மேலே ஏற்றிச் செல்லும் வண்டி, வழிகாட்டியுடன் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்க நடை, கடற்குகைகள் என்று பாதிநாள் பிடிக்கும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது பெருஞ்செலவு. வரலாறும் தாவரமும் அறிய விரும்புபவருக்குத் தகும். வெறும் காட்சிக்கு மட்டுமெனில் கிழக்கு மேடே போதும். 2017 ஜூன் 7 அன்று நைஸ்னாவைச் சூழ்ந்த தீயில் ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தபோது இந்தக் காப்பகமும் பெரிதும் கருகியது. தழைத்து வந்த புதர்களுக்கிடையே கரிந்த கட்டைகளையும் காணலாம். தெசன் குடும்பம் வந்த அதே 1869-இன் பிப்ரவரியிலும் இந்தக் கரை முழுவதும் ஒரு பெருந்தீ ஓடியிருக்கிறது.

தெசன் தீவு இன்று கால்வாய்களும் விலையுயர்ந்த வீடுகளும் கொண்ட குடியிருப்பு. கடைகள் போர்ட் எலிசபெத்திலும் கிடைக்கும் பொருள்களையே கூடுதல் விலைக்கு விற்கின்றன. ஒரே ஒரு வியப்பு தண்ணீருக்குள் இருக்கிறது. நைஸ்னா கடற்குதிரை உலகிலேயே இங்கும் அருகிலுள்ள இரண்டு கழிமுகங்களிலும் மட்டுமே வாழ்வது, அழியும் நிலையில் உள்ளது. அது இயற்கைக் கடற்புல்லைவிட, கால்வாய்க் கரை அரிக்காமலிருக்கக் கம்பிவலையில் கல்லடைத்துப் போட்ட மெத்தைகளில் அதிகமாகக் குடியேறியிருப்பதாக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வீடு விற்கத் தோண்டிய கால்வாய் கடற்குதிரைக்கு உதவியது யாரும் திட்டமிடாதது.

சாப்பாட்டு விஷயத்தில் சைவர்கள் முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும். இவ்வூரின் பெருமை சிப்பி. 1983 முதல் ஜூலை தோறும் சிப்பித் திருவிழாவே நடக்கிறது. அந்த நாள்களில் அறை வாடகை ஏறிவிடுவதால், சிப்பி உண்ணாதவர்கள் வேறு மாதம் பார்ப்பது நலம். நீர்முகப்பில் ஓர் உணவகத்தில் சைவம் என்று பட்டியலில் குறித்திருந்த தேங்காய்ப்பால் குழம்பில் மீன்சாறு கலந்திருந்ததை, கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே முதலிலேயே கேளுங்கள். காட்டுக்குள் போகும் நாள்களில் கடையே கிடையாது என்பதால், புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் மாங்காய் ஆச்சாருமாக வீட்டுப் பாட்கோஸ் (வழிச்சாப்பாடு) கட்டிக்கொண்டு போவதே சிறந்தது. தங்குவதற்கு, நீர்முகப்பு அறைகளின் வாடகையில் ரீனென்டால் பக்கத்துப் பண்ணைக் குடில்களில் சமையலறையோடு பாதி வீடே கிடைக்கும். இரவில் காடும் கேட்கும்.

பேருந்தை நம்பி இந்தத் திட்டத்தைப் போட முடியாது, சொந்த வண்டி வேண்டும். சிறிய கார் போதும், நல்ல மழைக்கு மறுநாள் தவிர. திரும்பும்போது என்-2 வேண்டாம் என்பது என் பரிந்துரை. டீப்வாலே வழியாகவே பிரின்ஸ் ஆல்ஃபிரட் கணவாயைக் கடந்து, நடுவே பெய்ன் தங்கியிருந்த டி ஃப்ளுக்ட் சிற்றூரில் இளைப்பாறி, ஆவொன்டியூரில் ஆர்-62 சாலையைப் பிடித்து லாங்க்ளூஃப் ஆப்பிள் தோட்டங்களினூடே வீடு சேரலாம். கணவாய் நீளமானது, வளைவுகள் கூர்மையானவை, பெரும்பகுதி சரளை. எதிரே பக்கி (சிறு சரக்கு வண்டி) வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டிய இடங்கள் பல. என்-2 வழியைவிடப் பல மணி நேரம் கூடுதலாகும். பெருமழைக்குப் பின் சாலை மூடப்படுவதுண்டாகையால் புறப்படுமுன் விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். எரிபொருளை நைஸ்னாவிலேயே நிரப்பிவிடுங்கள், இடையில் நெடுந்தூரத்துக்குக் கைப்பேசியும் எடுக்காது.